யூனிக்ஸ் சர்வரில் ஹாட்-ஸ்வாப் வட்டுகளை மாற்றுவதும் மிரர் செய்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாட்-ஸ்வாப் வட்டு என்றால், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எந்த வட்டையும் உருவிவிடலாம் என்று பொருளா?

இல்லை. ஹாட்-ஸ்வாப் என்பது முதலில் மின்சாரம் சார்ந்த ஓர் உறுதிமொழி மட்டுமே. சாட்டா, சாஸ் வட்டுகளின் இணைப்பானை உற்றுப் பார்த்தால் அதிலுள்ள ஊசிகள் எல்லாம் ஒரே நீளத்தில் இல்லை என்பது தெரியும். தரை இணைப்புக்கான ஊசிகள் சற்று நீளமானவை. அவை முதலில் தொடும், பிறகு மின்தேக்கிகளை மெதுவாக நிரப்பும் ஊசிகள் தொடும், கடைசியில்தான் முழு மின்னோட்டம் பாயும். உருவும்போது இது தலைகீழாக நடக்கும். ஆகவே பொறி பறக்காது, பக்கத்து வட்டுக்கான மின்னழுத்தமும் சரியாது. பழைய 80 ஊசி ஸ்கசி வட்டுகளும் இதே ஏற்பாட்டைத்தான் கொண்டிருந்தன.

ஆனால் அந்த வட்டின்மேல் ஏற்றப்பட்ட கோப்பு முறைமை, ஸ்வாப் (நினைவகம் போதாதபோது அதன் பக்கங்களை வைக்கும் வட்டுப் பகுதி), இயங்குதளத்தின் மையமான கர்னலின் நினைவகத்தில் இன்னும் எழுதப்படாமல் காத்திருக்கும் தரவு ஆகியவற்றுக்கு இணைப்பான் எந்த உறுதியும் தருவதில்லை. வட்டு போகப்போகிறது என்பதைக் கர்னலுக்கும், வட்டுகளை இணைத்து நிர்வகிக்கும் மென்பொருளான வால்யூம் மேலாளருக்கும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். கீழே வரும் பதில்களில் பெரும்பகுதி அதை எப்படிச் சொல்வது என்பதைப் பற்றியதுதான்.

மிரர் எப்படி வேலை செய்கிறது? மிரர் இருந்தால் பேக்கப் தேவையில்லையே?

எழுதப்படும் ஒவ்வொரு பிளாக்கும் இரண்டு வட்டுகளிலும் எழுதப்படும். படிக்கும்போது ஏதாவது ஒன்றிலிருந்து படித்தால் போதும். 1988-இல் பெர்க்லியைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்துப் பயன்படுத்தும் ரெய்டு முறைகளை எண்ணிட்டு வகைப்படுத்தியபோது, அதற்கு முன்பே வழக்கத்தில் இருந்த மிரர் முறைக்கு ரெய்டு 1 என்ற இடத்தைக் கொடுத்தது.

பேக்கப் கட்டாயம் தேவை. தவறுதலாக நீக்கிய கோப்பு இரண்டு வட்டுகளிலிருந்தும் ஒரே நொடியில் நீங்கும். வட்டு சாகும்போது சேவை நிற்காமல் பார்த்துக்கொள்வது மட்டுமே மிரரின் வேலை.

வட்டு பழுதாகிவிட்டது என்று எப்படி உறுதிசெய்வது?

முதலில் வால்யூம் மேலாளரைக் கேளுங்கள். லினக்ஸில் /ப்ராக்/எம்டிஸ்டாட் கோப்பைப் படித்தால், நலமான மிரருக்கு எதிரே இரண்டு யூ எழுத்துகள் அடைப்புக்குள் இருக்கும். ஒன்று விழுந்துவிட்டால் அந்த இடத்தில் ஓர் அடிக்கோடு நிற்கும். மிரரையும் தானே நிர்வகிக்கும் கோப்பு முறைமையான இசட்எஃப்எஸ் என்றால் ‘இசட்பூல் ஸ்டேட்டஸ்’ கட்டளை, சோலாரிஸ் வால்யூம் மேலாளர் என்றால் ‘மெட்டாஸ்டாட்’, ஏஐஎக்ஸ் என்றால் ‘எல்எஸ்விஜி’ காட்டும் ஸ்டேல் நிலை ஆகியவற்றைப் பாருங்கள்.

அடுத்து, வட்டு தன் நலத்தைப் பற்றித் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்கள். சாட்டா வட்டுகளில் 5, 197, 198 ஆகிய எண்களுள்ள அளவீடுகள் முக்கியமானவை. 5 என்பது மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்களையும், 197 என்பது படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்களையும் எண்ணுகிறது. இவை நாளுக்கு நாள் ஏறுமானால் வட்டை மாற்ற ஏற்பாடு செய்துவிடுவது நல்லது. 199 மட்டும் தனியாக ஏறினால் கதையே வேறு: அது வட்டுக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையே தரவு சிதைவதைக் காட்டுகிறது. குற்றவாளி பெரும்பாலும் கேபிளாகவோ, வட்டுகள் செருகப்படும் பின்பலகையாகவோ இருக்கும். வட்டை மாற்றினாலும் அதே ஸ்லாட்டில் அதே பிழை திரும்ப வரும். சாஸ் வட்டுகளில் இந்த எண்கள் கிடையாது. அங்கே பின்னர் சேர்ந்த பழுதுகளின் பட்டியல் நீள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பழுதே இல்லாத வட்டும் மிரரிலிருந்து விழுவதுண்டு. மேசைக் கணினிகளுக்கான சில வட்டுகள் ஒரு செக்டரைப் படிக்க முடியாதபோது நீண்ட நேரம் விடாப்பிடியாக முயலும். லினக்ஸ் கர்னலோ 30 நொடிகள் பொறுத்துவிட்டு வட்டையே மீட்டமைக்கத் தொடங்கும். சர்வருக்கான வட்டுகள் சுமார் 7 நொடிகளில் முயற்சியைக் கைவிட்டுப் பிழையைத் தெரிவிப்பதால், அந்தச் செக்டரை மிரரின் மற்றப் பாதியிலிருந்து படித்துச் சரிசெய்ய முடிகிறது. வாங்கும்போதே இதைக் கவனித்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் உறைக்கும்.

எந்த வட்டை உருவ வேண்டும் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

இந்த வேலையில் தரவு போவதற்கு முதல் காரணம் வட்டு சாவது அல்ல, உயிருள்ள வட்டை உருவுவதுதான் என்பது என் கருத்து. சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். எட்டு ஸ்லாட்டுகள் கொண்ட ஒரு சர்வரில் மூன்றாம் எண் வட்டு பழுது என்று கட்டுப்படுத்தியின் லாக் சொன்னது. முன்பக்கப் பட்டையில் 3 என்று அச்சிட்டிருந்த ட்ரேயை உருவினேன். கட்டுப்படுத்தி 0-விலிருந்து எண்ணுகிறது, பட்டையோ 1-லிருந்து எண்ணுகிறது என்பது, கோப்பு முறைமை படிக்க-மட்டும் நிலைக்குப் போய் அலைபேசி ஒலிக்கத் தொடங்கிய பிறகே புரிந்தது. நான் உருவியது பழுதான வட்டின் ஜோடி, அதாவது மிரரில் எஞ்சியிருந்த ஒரே நல்ல பாதி.

எனவே ஸ்லாட் எண்ணையும், எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற கர்னல் பெயர்களையும் நம்ப வேண்டாம். கர்னல் பெயர்கள் வட்டுகள் கண்டுபிடிக்கப்படும் வரிசையில் வழங்கப்படுபவை. அடுத்த பூட்டில் மாறிவிடலாம். மாறாதது வட்டின்மேல் அச்சிட்ட சீரியல் எண் ஒன்றுதான். ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கட்டளையால் சீரியல் எண்ணைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். வட்டு பேசவே மறுத்தால் மற்ற எல்லா வட்டுகளின் எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலில் வராத எண்ணே நீங்கள் தேடுவது. சர்வரை நிறுவும் நாளிலேயே ஒவ்வொரு ட்ரேயின் முகப்பிலும் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளை ஒட்டிவைத்தால் இந்தச் சிக்கலே எழாது.

பின்பலகை ஒத்துழைத்தால் விளக்கையும் எரியவிடலாம். லினக்ஸில் ‘லெட்சிடிஎல்’, ஃப்ரீபிஎஸ்டியில் ‘செஸ்யூடில் லொகேட்’, ஏஐஎக்ஸில் ‘டயாக்’ பட்டியலிலுள்ள ஹாட்-பிளக் பகுதி ஆகியவை இதற்கானவை. அந்த வசதி இல்லாத பெட்டியில் பழைய உத்தி ஒன்று கைகொடுக்கும்: நல்ல வட்டுகளை ஒவ்வொன்றாக ‘டிடி’ கட்டளையால் படித்து வெற்றுச் சாதனத்துக்கு அனுப்புங்கள். படிக்கப்படும் வட்டின் விளக்கு விடாமல் மின்னும். ஒருமுறைகூட மின்னாத வட்டு உங்களுக்கானது. உள்ளீட்டையும் வெளியீட்டையும் குறிக்கும் சொற்களை மாற்றித் தட்டச்சு செய்துவிடாதீர்கள்.

உருவுவதற்கு முன் வேறு எதைச் சரிபார்க்க வேண்டும்?

அந்த வட்டை வேறு யார் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். ஒரே வட்டின் பார்டிஷன்கள் மூன்று வெவ்வேறு மிரர்களில் இருக்கலாம். ஒன்று மட்டும் பழுதென்று குறிக்கப்பட்டு மற்ற இரண்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். எல்லாவற்றிலிருந்தும் அதைக் கழற்ற வேண்டும். ஸ்வாப் பகுதி மிரர் செய்யப்படாமல் அந்த வட்டில் தனியாக இருந்தால், உருவிய கணத்தில், அங்கே பக்கங்களை வைத்திருந்த நிரல்கள் செத்துவிழும். மிரர் போட்டும் சர்வர் விழுந்துவிட்டதே என்று அதிர்ச்சியடைபவர்களின் கணினிகளில் பெரும்பாலும் நான் பார்த்தது இதைத்தான். கர்னல் நிலைகுலையும்போது நினைவகத்தைக் கொட்டிவைக்கும் டம்ப் சாதனமும் அங்கே அமைக்கப்பட்டிருந்தால் மாற்றியமையுங்கள்.

பேக்கப் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், அதிலிருந்து ஒரு கோப்பை மீட்டுப் பாருங்கள். இனி சில மணி நேரம் உங்கள் தரவு ஒரே ஒரு வட்டை நம்பியிருக்கப்போகிறது.

லினக்ஸின் எம்டி மிரரில் வட்டை மாற்றும் படிகள் யாவை?

எம்டி என்பது லினக்ஸ் கர்னலிலேயே உள்ள மென்பொருள் ரெய்டு. அதை நிர்வகிக்கும் ‘எம்டிஏடிஎம்’ கட்டளையில் முதலில் ஃபெயில், அடுத்து ரிமூவ். பழுதான வட்டின் ஒவ்வொரு பார்டிஷனுக்கும் இந்த இரண்டையும் செய்த பிறகு, /சிஸ்/பிளாக் அடைவில் அந்த வட்டின் பெயருக்குள் உள்ள டிவைஸ் அடைவின் டிலீட் கோப்பில் 1 என்று எழுதினால், கர்னல் அந்த வட்டைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். அதன் பிறகே ட்ரேயில் கை வைக்க வேண்டும்.

நெம்புகோலைத் திறந்து ட்ரேயை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மட்டும் வெளியே இழுத்து, அரை நிமிடம் அப்படியே விடுங்கள். உள்ளே தட்டுகள் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். அந்நிலையில் முழுதாகக் கையில் எடுத்துத் திருப்பினால், பம்பரத்தைச் சாய்க்கும்போது அது எதிர்ப்பதுபோல வட்டு கையை எதிர்த்துத் திமிறுவதை உணரலாம். பழுதான வட்டுதானே என்று அலட்சியம் வேண்டாம். நீங்கள் உருவியது தவறான வட்டாக இருந்தால், அது நலமாகத் திரும்பிவர வேண்டும்.

புதிய வட்டைச் செருகியதும் பெரும்பாலும் கர்னல் தானே கண்டுகொள்ளும். கண்டுகொள்ளாவிட்டால், ஸ்கசி ஹோஸ்டின் ஸ்கேன் கோப்பில் இடைவெளி விட்டு மூன்று சிறுகோடுகளை எழுதுங்கள். அடுத்தது பார்டிஷன் அட்டவணை. நல்ல வட்டின் அட்டவணையை ‘எஸ்எஃப்டிஸ்க்’ கொண்டு ஒரு கோப்பில் சேமித்து, அந்தக் கோப்பைப் புதிய வட்டில் ஏற்றுவதையே நான் பரிந்துரைப்பேன். ‘எஸ்ஜிடிஸ்க்’ கட்டளையின் ஆர் விருப்பம் ஒரே வரியில் இதைச் செய்துவிடும் என்றாலும், அதில் விருப்பத்தை ஒட்டி வருவது இலக்கு வட்டு, கடைசியில் வருவது மூல வட்டு. வழக்கமான நகலெடுப்புக்கு நேர்மாறான இந்த வரிசையால், வெற்று அட்டவணையை நல்ல வட்டின்மேல் எழுதிவிட வாய்ப்புண்டு. சரியாகச் செய்தாலும், இரண்டு வட்டுகளுக்கும் ஒரே அடையாள எண் இருக்கக்கூடாது என்பதால், ஜி விருப்பத்தால் புதிய வட்டுக்குப் புது எண்களை வழங்க வேண்டும்.

இறுதியாக ஒவ்வொரு பார்டிஷனையும் அதனதன் மிரரில் ஆட் செய்தால், நல்ல பாதியின் தரவைப் புதியதில் நகலெடுக்கும் ஒத்திசைவு தொடங்கிவிடும்.

இசட்எஃப்எஸில் இது எளிது என்கிறார்களே?

எளிதுதான். ‘இசட்பூல் ஆஃப்லைன்’ கொடுத்து, வட்டை மாற்றி, ‘இசட்பூல் ரீப்ளேஸ்’ கொடுத்தால் முடிந்தது. தரவு இருக்கும் பிளாக்குகளை மட்டுமே இசட்எஃப்எஸ் நகலெடுக்கிறது; ஒவ்வொன்றையும் செக்சம் கொண்டு சரிபார்க்கவும் செய்கிறது. கால்வாசி நிரம்பிய பூலில், அதாவது இசட்எஃப்எஸ் ஒன்றாகச் சேர்த்துவைக்கும் வட்டுத் தொகுப்பில், இந்த வேறுபாடு பெரிது.

ஆனால் ஒரு பொறி உண்டு. ஒற்றை வட்டை மிரராக்க விரும்புபவர் பயன்படுத்த வேண்டியது ‘அட்டாச்’. ‘ஆட்’ என்று தட்டச்சு செய்தால், புதிய வட்டு மிரரின் இரண்டாம் பாதியாக அல்லாமல், பூலின் கொள்ளளவைக் கூட்டும் தனி உறுப்பாகச் சேர்ந்துவிடும். அதன் பிறகு இரண்டில் எந்த வட்டு செத்தாலும் மொத்தப் பூலும் போய்விடும். ஏற்கெனவே மிரராக உள்ள பூலில் இப்படிச் செய்ய முயன்றால் கட்டளை எச்சரித்து மறுக்கும். ஒற்றை வட்டுப் பூலில் அந்த எச்சரிக்கையும் வராது. சேர்த்ததைத் திரும்ப எடுக்கும் வசதி பழைய பதிப்புகளில் கிடையாது. ஆட் கட்டளையை முதலில் ‘-n’ விருப்பத்துடன் ஓட்டினால், எதையும் மாற்றாமல், பூல் எப்படி ஆகும் என்பதை மட்டும் காட்டும்.

சோலாரிஸ் வால்யூம் மேலாளரில் கவனிக்க வேண்டியது என்ன?

மிரர்களின் அமைப்பையும் நிலையையும் பதிந்துவைக்கும் ஸ்டேட் டேட்டாபேஸின் நகல்களைத்தான். சர்வர் முழுமையாகப் பூட் ஆக, மொத்த நகல்களில் பாதிக்கு மேல் நலமாக இருக்க வேண்டும். சரிபாதி இருந்தால் ஓடும் சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும். பாதிக்கும் கீழே போனால் கர்னல் நின்றுவிடும். இரண்டே வட்டுகள் கொண்ட சர்வரில் ஒவ்வொன்றிலும் சம எண்ணிக்கையில் நகல்கள் வைப்பது வழக்கம். ஒரு வட்டு சாகும். சர்வர் ஒன்றும் நடவாததுபோல ஓடும். பல மாதங்களுக்குப் பின் யாரோ ரீபூட் செய்யும்போது அது ஒற்றைப் பயனர் நிலையில் நின்றுவிடும். செத்த நகல்களை ‘மெட்டாடிபி’ கொண்டு நீக்குவது முதல் வேலையாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். இரண்டு வட்டு அமைப்புகளுக்கென்றே /ஈடிசி/சிஸ்டம் கோப்பில் மிரர்டு ரூட் ஃபிளாக் என்ற அமைப்பும் இருக்கிறது.

பிறகு ‘சிஎஃப்ஜிஏடிஎம்’ கட்டளையால் வட்டை அன்கான்ஃபிகர் செய்து, நீல விளக்கு உள்ள பெட்டியாக இருந்தால் அது எரியும்வரை காத்திருந்து மாற்றுங்கள். புதியதைக் கான்ஃபிகர் செய்து, ‘பிஆர்டிவிடிஓசி’ வெளியீட்டை ‘எஃப்எம்டிஹார்ட்’ கட்டளைக்குக் கொடுத்து ஸ்லைஸ்களை அமைத்து, ‘மெட்டாடெவ்ஏடிஎம்’ கட்டளையால் சாதன அடையாளத்தைப் புதுப்பித்து, நீக்கிய நகல்களை மீண்டும் உருவாக்கி, ஒவ்வொரு மிரருக்கும் ‘மெட்டாரீப்ளேஸ்’ கட்டளையை ஈ விருப்பத்துடன் கொடுக்க வேண்டும். மெட்டாஸ்டாட் வெளியீட்டில் ஒரு பாதி மெயின்டனன்ஸ் என்றும் மறு பாதி லாஸ்ட் எர்ட் என்றும் இருந்தால், மெயின்டனன்ஸ் பாதியை முதலில் மாற்றுங்கள். லாஸ்ட் எர்ட் என்பது பிழை கண்டிருந்தாலும் கடைசியாகத் தரவு எஞ்சியிருக்கும் பாதி.

ஏஐஎக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி?

ஏஐஎக்ஸில் வரிசை இது: ‘அன்மிரர்விஜி’, ‘ரெட்யூஸ்விஜி’, ‘ஆர்எம்டெவ்’, பிறகு வட்டு மாற்றம், ‘சிஎஃப்ஜிஎம்ஜிஆர்’, ‘எக்ஸ்டெண்ட்விஜி’, ‘மிரர்விஜி’. ரூட் வால்யூம் குழுவாக இருந்தால் ‘பாஸ்பூட்’, ‘பூட்லிஸ்ட்’ ஆகிய இரண்டும் கட்டாயம். ஃப்ரீபிஎஸ்டியின் ‘ஜிமிரர்’ முறையில், காணாமல்போன உறுப்பை ஃபர்கெட் என்று மறக்கச் சொல்லிவிட்டுப் புதியதை இன்சர்ட் செய்தால் போதும்.

மாற்று வட்டு எந்த அளவில் இருக்க வேண்டும்?

பழையதைவிட ஒரு செக்டர்கூடக் குறையக்கூடாது. 1 டெராபைட் என்று விற்கப்படும் இக்கால வட்டுகள், தயாரிப்பாளர்கள் ஏற்றுக்கொண்ட சூத்திரத்தின்படி, 512 பைட் அளவில் 1,953,525,168 செக்டர்களைக் கொண்டிருக்கும். அதே சூத்திரத்தைப் பின்பற்றாத பழைய வட்டுகளில், பெயரளவில் ஒரே கொள்ளளவாக இருந்தும் சில மெகாபைட்டுகள் கூடக்குறைய இருக்கும். கடைசிப் பார்டிஷனின் முடிவில் 100 மெகாபைட் அளவு வெற்றிடம் விட்டுவைப்பது இதற்காகத்தான். செக்டரின் அளவையும் பாருங்கள்: 512 பைட் அடிப்படையில் உருவாக்கிய இசட்எஃப்எஸ் மிரரில், 4096 பைட் செக்டர்களை மட்டுமே ஏற்கும் வட்டைச் சேர்க்க முடியாது.

ஒத்திசைவு முடிய எவ்வளவு நேரம் ஆகும்?

நொடிக்கு 150 மெகாபைட் எழுதும் 4 டெராபைட் வட்டுக்கு, வேறு வேலையே இல்லாவிட்டாலும் ஏழரை மணி நேரம் ஆகும். சர்வரில் வேலை இருந்தால் லினக்ஸ் எம்டி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதன் இயல்பான கீழ்வரம்பு நொடிக்கு 1000 கிலோபைட், மேல்வரம்பு 200000 கிலோபைட். கீழ்வரம்பிலேயே ஓடினால் அதே வட்டு முடிக்க 46 நாட்கள் ஆகும். ‘மூன்று நாளாகியும் 6 சதவீதம்தான்’ என்ற புலம்பலுக்கு வட்டு பெரும்பாலும் காரணமல்ல. இரவில் கீழ்வரம்பை 50000 அளவுக்கு உயர்த்தி, காலையில் குறைத்துக்கொள்ளலாம். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு எழுதும் எஸ்எம்ஆர் வகை வட்டுகளை இந்த வேலைக்கு வாங்கவே வேண்டாம்; அவற்றின் எழுதும் வேகம் சிறிது நேரத்திலேயே படுத்துவிடும்.

ஒத்திசைவு நடக்கும்போது நல்ல வட்டிலும் படிப்புப் பிழை வந்தால்?

நடக்கக்கூடியதே. பல மாதங்களாக யாரும் படிக்காத செக்டர் ஒன்று மௌனமாகக் கெட்டுப்போயிருக்கும். முழு வட்டையும் படிக்கும் இந்த நாளில்தான் அது வெளியே வரும். டெபியன் போன்ற அமைப்புகள் மாதத்தின் முதல் ஞாயிறன்று எம்டி வட்டுகளை முழுமையாகப் படித்துச் சோதிப்பது இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான். இசட்எஃப்எஸின் ஸ்க்ரப்பும் அதே வேலையைச் செய்கிறது.

இதைத் தவிர்க்க இன்னொரு வழி: பழுதாகத் தொடங்கிய வட்டு இன்னும் பேசிக்கொண்டிருந்தால் அதை உருவாதீர்கள். காலி ஸ்லாட்டில் புதியதைச் செருகி, எம்டியில் ரீப்ளேஸ் விருப்பத்தாலோ இசட்எஃப்எஸில் ரீப்ளேஸ் கட்டளையாலோ மாற்றுங்கள். நகல் முடியும்வரை பழையதும் மிரரில் இருக்கும், ஒன்று படிக்கத் தவறும் செக்டரை மற்றது கொடுக்கும். ஒரு காலி ஸ்லாட்டை எப்போதும் விட்டுவைப்பது வீண் என்று கணக்கர்கள் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மிரர் சரியாகிவிட்டது. சர்வர் இரண்டு வட்டுகளிலிருந்தும் பூட் ஆகுமா?

தானாக ஆகாது. இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் மிரருக்கு வெளியே இருக்கிறது. பழைய பயாஸ் முறையில் லினக்ஸின் பூட்லோடரான கிரப்பைப் புதிய வட்டிலும் நிறுவ வேண்டும். யூஇஎஃப்ஐ முறையில் அதன் பார்டிஷனை நகலெடுத்து, ஃபர்ம்வேரின் பூட் பட்டியலிலும் சேர்க்க வேண்டும். சோலாரிஸில் ‘இன்ஸ்டால்பூட்’. பராமரிப்பு நேரம் கிடைக்கும்போது பழைய வட்டை ட்ரேயோடு சற்று வெளியே இழுத்துவைத்து, புதியதிலிருந்து மட்டும் ஒருமுறை பூட் செய்து பாருங்கள்.

தவறான வட்டை உருவிவிட்டேன். என்ன செய்வது?

கையை எடுங்கள். புதிய மிரரை உருவாக்கும் எந்தக் கட்டளையையும், கோப்பு முறைமையைப் பழுதுபார்க்கும் எந்தக் கட்டளையையும் கொடுக்காதீர்கள். உருவியதை அதே ஸ்லாட்டில் திரும்பச் செருகுங்கள். இசட்எஃப்எஸ் பூல் இடைநிறுத்தப்பட்டிருந்தால் ‘இசட்பூல் கிளியர்’ பெரும்பாலும் அதை எழுப்பிவிடும். எம்டியில், இரண்டு பாதிகளின் ஈவென்ட் எண்ணிக்கைகளையும் ‘எம்டிஏடிஎம் எக்ஸாமின்’ கொண்டு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை அதிகமுள்ள பாதியே புதிய தரவைக் கொண்டது. மிரரை நிறுத்தி, அந்தப் பாதியை மட்டும் வைத்து அசெம்பிள் செய்து, படிக்க-மட்டும் நிலையில் ஏற்றிப் பாருங்கள். நான் மேலே சொன்ன சம்பவம் அப்படித்தான் 40 நிமிடங்களில் முடிந்தது.

கழற்றிய பழைய வட்டை என்ன செய்வது?

மிரரின் ஒரு பாதி என்பது உங்கள் தரவின் முழு நகல் என்பதை மறந்துவிட்டு, உத்தரவாதத்தின்பேரில் அப்படியே அனுப்பிவைப்பவர்கள் உண்டு. எழுத முடிந்தால் முழுவதையும் அழித்து அனுப்புங்கள். எழுத முடியாவிட்டால், வட்டைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளும் ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். சோதித்துப் பார்க்கலாம் என்று அதை வேறொரு சர்வரில் செருகுவதானால், முதலில், மிரரின் உறுப்பு என்று அடையாளம் காட்டும் அதன் சூப்பர்பிளாக்கை எம்டிஏடிஎம் கொண்டோ, இசட்எஃப்எஸ் லேபிளை ‘இசட்பூல் லேபிள்கிளியர்’ கொண்டோ நீக்குங்கள். இல்லையென்றால், அந்தச் சர்வர் அடுத்த முறை பூட் ஆகும்போது, நீங்கள் கேட்காமலேயே ஒரு பழைய மிரர் பாதி வடிவில் எழுந்து நிற்கும்.